விரல்நுனி ஆக்சிமீட்டர்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

அம்மாவுக்கு நுரையீரலில் பழைய தொந்தரவு உண்டு. அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கும். முதலில் வாங்கியது ஆக்சிஜன், இதயத்துடிப்பு என்று வெறும் இரண்டு எண் காட்டுகிற சாதாரண வகை. ஒரு நாள் விடியற்காலை அது ஆக்சிஜன் 84 என்று அபாய அளவைக் காட்டியது. அம்மாவோ கட்டிலில் உட்கார்ந்து, முந்தின நாள் சண்டையின் மிச்சத்தை என்னிடம் தொடர்ந்துகொண்டிருந்தார். விரலைத் தொட்டால் ஐஸ். உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினேன். 95.

அடுத்து வாங்கினால் அலை காட்டுகிற கருவிதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். இப்போது இருப்பது அதுதான். துடிப்பு திரையில் அலையாக ஓடுகிறது. ஓரத்தில் விரலில் துடிப்பு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று சொல்லும் பெர்ஃப்யூஷன் இண்டெக்ஸ், சுருக்கமாக பி.ஐ., என்று இன்னொரு எண். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

விரலின் ஒரு பக்கம் இரண்டு விளக்குகள்: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 அருகில் அகச்சிவப்பு. மறுபக்கம் ஒளியை அளக்கும் உணரி. தோல், எலும்பு, சிரை ரத்தம் எல்லாம் விழுங்கும் ஒளி ஏறக்குறைய மாறாது. ஒவ்வொரு துடிப்புக்கும் தமனியில் புதிதாக வந்து சேரும் ரத்தத்தால் மட்டும் ஒளி கொஞ்சம் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம்தான்! மாறாததைத் தள்ளிவிட்டுத் துடிப்பதை மட்டும் எடுத்து ஆக்சிஜனைக் கணக்குப் போடலாம் என்பது ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970களில் கண்ட வழி. பி.ஐ. சொல்வதும் மாறாத பங்கோடு ஒப்பிட்டால் துடிக்கும் பங்கு எவ்வளவு என்பதைத்தான். குளிரில் நாளங்கள் சுருங்கினால் அது சரிந்துவிடும். அம்மாவுக்கு 0.4க்குக் கீழே போனால் ஆக்சிஜன் எண்ணை நான் நம்புவதில்லை. முதலில் கையைச் சூடாக்குவேன்.

வாங்கிய அன்று என் விரலிலேயே சோதித்தேன். சட்டென்று ஆழமாக மூச்சை இழுத்தால், சில நொடி கழித்து அலை குட்டையாகி, பிறகு மெல்ல எழும்புகிறது. விரல்நுனி நாளங்கள் அந்த மூச்சுக்கே சுருங்குகின்றன. இதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போய்விட்டது, அடுப்பில் வைத்த பால் பொங்கியது தனிக்கதை.

என் கைக்கடிகாரத்தில் பச்சை ஒளி. ரத்தத்தின் சிவப்பு நிறமியான ஹீமோகுளோபின் பச்சையை நன்றாக விழுங்குவதால் இதயத்துடிப்பு எண்ண அது போதும். ஆனால் தோலுக்குள் ஆழமாகப் போகாது. நடக்கும்போது அது சொல்வதை நான் கண்டுகொள்வதில்லை.

குறைகளும் உண்டு. கருத்த தோலில் இந்தக் கருவிகள் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டக்கூடும். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி தவறவிட்ட ஆக்சிஜன் குறைவு கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. கூட வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மா நிறம் என்னைவிடக் கருப்பு. அதனால் 93 என்று வந்தாலே மருத்துவரைக் கூப்பிட்டுவிடுகிறேன்.

அப்புறம், உள்ளே இருக்கும் ரப்பர் பட்டை ஆறாவது மாதமே தளர்ந்துவிட்டது. இடுக்கு வழியாக வெளிச்சம் புகுந்து அலை தாறுமாறாகிறது. இப்போதைக்குக் கைக்குட்டையால் மூடி அளக்கிறேன்.