நாற்காலியா, சாவியா? பொது மருத்துவமனை நிர்வாகத்தில் மக்களுக்கு இடம் தரும் நான்கு ஏற்பாடுகள்

ஒரு பொது மருத்துவமனை தன் பிரசவ வார்டை மூடிவிட்டு, அந்தப் பணியை 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய மருத்துவமனையிடம் ஒப்படைக்கத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகம் சொல்லும் காரணங்கள் பொய்யானவை அல்ல: இரவுப் பணிக்கு மயக்க மருத்துவர் கிடைப்பதில்லை, பிரசவங்கள் குறைந்துவருவதால் சிக்கலான பிரசவங்களைக் கையாண்ட அனுபவமும் செவிலியரிடையே குறைந்துவருகிறது. ஊரார் சொல்லும் காரணங்களும் பொய்யானவை அல்ல: நள்ளிரவில் வலி எடுத்தால் வண்டி தேடி ஓட வேண்டியவர்கள் அவர்கள்தாம். நிர்வாகத்தில் மக்கள் பங்கேற்பு என்ற பேச்சு எவ்வளவு மெய்யானது என்பதை இத்தகைய முடிவில்தான் உரசிப் பார்க்க முடியும். கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும், சாப்பாடு சூடாக வர வேண்டும் என்ற அளவில் எல்லா ஏற்பாடுகளுமே தேறிவிடும். ஆகவே, நடைமுறையில் செய்து பார்க்கப்பட்ட நான்கு ஏற்பாடுகளை இந்த ஒரே உரைகல்லில் வைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றி. மருத்துவக் கொள்கை ஆவணங்களில் நோயாளியை ‘நுகர்வோர்’ என்று குறிப்பிடும் வழக்கம் பரவியிருக்கிறது. ஒரு கடை பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகக்கூடியவர்தான் நுகர்வோர்; பொது மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வசதி இல்லை என்பதால்தான் அவர்களுக்கு நிர்வாகத்தில் குரல் தேவைப்படுகிறது. மேலும், நுகர்வோரும் சமூகமும் ஒன்றல்ல. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வருபவருக்கு வார்டின் உள்விவரம் அத்துபடி. இன்னும் நோய்வாய்ப்படாமல் வரி மட்டும் கட்டிவரும் குடிமகனுக்கு அது தெரியாது. இருக்கும் பணத்தை டயாலிசிஸ் இயந்திரத்துக்குச் செலவிடுவதா, தடுப்பூசிப் பணிக்குச் செலவிடுவதா என்று வந்தால் இவ்விருவரும் எதிரெதிரே நிற்கவும் கூடும். ஒவ்வோர் ஏற்பாடும் இவ்விருவரில் யாரை மனத்தில் வைத்து உருவானது என்பதைக் கவனித்தால், அதன் பலமும் பலவீனமும் பாதி விளங்கிவிடும்.

முதல் ஏற்பாடு தேர்தல். நியூசிலாந்து 2001ஆம் ஆண்டு மாவட்ட சுகாதார வாரியங்களை அமைத்து, பொது மருத்துவமனைகளை அவற்றின் பொறுப்பில் விட்டது. ஒவ்வொரு வாரியத்திலும் அதிகபட்சம் 11 உறுப்பினர்கள். அவர்களில் 7 பேரை, உள்ளாட்சித் தேர்தலோடு சேர்த்து மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். காகிதத்தில் இதைவிட வலுவான ஏற்பாட்டைக் காட்டுவது கடினம். ஆனால் வாரியத் தலைவரை நியமித்தவர் சுகாதார அமைச்சர். பணம் வந்தது மத்திய அரசிடமிருந்து. சட்டப்படி வாரியம் பதில் சொல்ல வேண்டியதும் அமைச்சருக்கே. 2008இல் ஹாக்ஸ் பே மாவட்ட வாரியத்தை அமைச்சர் கலைத்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் கையில் இருந்தது எவ்வளவு என்பது வெளிப்பட்டது. 2022 ஜூலை 1 அன்று, எஞ்சியிருந்த 20 வாரியங்களும் நீக்கப்பட்டு ஒரே தேசிய அமைப்பு அவற்றின் இடத்துக்கு வந்தது.

நம் பிரசவ வார்டை இந்த ஏற்பாட்டில் வைத்தால், “வார்டை மூட விடமாட்டேன்” என்று வாக்குக் கேட்டு ஒருவர் வெற்றி பெறுவார். முதல் கூட்டத்திலேயே அவர் முன் ஒரு பற்றாக்குறைக் கணக்கு வைக்கப்படும். வார்டைக் காப்பாற்ற வேண்டுமானால் வேறெதை வெட்டுவது என்று அவரையே கேட்பார்கள். பணத்தைத் திரட்டும் அதிகாரம் இல்லாமல், அதைப் பங்கிடும் பழியை மட்டும் ஏற்கும் நிலை அது. வாக்களிப்பவர்கள் எத்தனை பேர் என்பதும் தனிக் கேள்வி: 2010இல் ஸ்காட்லாந்து இரண்டு பகுதிகளில் சுகாதார வாரியத் தேர்தலைச் சோதனையாக நடத்தி, 16 வயதினருக்கும் வாக்குரிமை கொடுத்தது. இரு பகுதிகளிலுமே வாக்காளர்களில் நால்வரில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை; 2013இல் அத்திட்டத்தை விரிவாக்கும் எண்ணம் கைவிடப்பட்டது.

இங்கிலாந்தில் கூடுதல் தன்னாட்சி பெற்ற, ‘அறக்கட்டளை’ எனப்படும் பொது மருத்துவமனைகள் தேர்தலை வேறு விதமாகப் புகுத்தின. 2004 முதல் அவற்றில் பொதுமக்களும் நோயாளிகளும் உறுப்பினராகச் சேர்ந்து, ‘ஆளுநர்கள்’ எனப்படும் மருத்துவமனை மேற்பார்வைக் குழுவினரில் பெரும்பான்மையோரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மருத்துவமனை வாரியத் தலைவரை நியமிக்கவும் நீக்கவும் அந்த ஆளுநர் குழுவுக்கு அதிகாரம் உண்டு. இதுவும் பெரிய அதிகாரந்தான். ஆயினும் ஸ்டாஃபோர்டு நகர மருத்துவமனையை நடத்திய அமைப்புக்கு 2008 பிப்ரவரியில் அந்தத் தகுதி வழங்கப்பட்டபோது, அதன் வார்டுகளில் நோயாளிகள் தண்ணீருக்கும் தூய்மைக்கும் தவித்துக்கொண்டிருந்தார்கள். அதை ஊரறியச் செய்ததில் பெரும்பங்கு, தாயை அங்கே இழந்த ஜூலி பெய்லி 2007இல் தொடங்கிய உறவினர் குழுவுடையது. அவர்கள் யாரும் எந்த நாற்காலியிலும் அமர்ந்திருக்கவில்லை.

இரண்டாவது ஏற்பாடு ஆலோசனைக் குழு. உலகில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான் என்பதற்கு எளிய காரணம் உண்டு: நிர்வாகத்துக்கு இதனால் எந்த நட்டமும் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் சட்டம் பெரிய பொது மருத்துவமனை வாரியங்கள் ஒவ்வொன்றும் சமூக ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அந்நாட்டின் தேசியத் தரநிலைகளில் நுகர்வோருடன் கூட்டுச் செயல்பாடு ஒரு தனித் தரநிலையாக வைக்கப்பட்டு, மருத்துவமனை அங்கீகாரத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இந்த இணைப்பு அற்பமானதல்ல. அங்கீகாரம் போய்விடும் என்ற அச்சம் இல்லாவிட்டால் பல இடங்களில் இக்குழுக்கள் கூடியே இருக்காது. சம்மதப் படிவங்களின் மொழி, வழிகாட்டிப் பலகைகள், வீடு திரும்புவோருக்கான அறிவுரைத் தாள் ஆகியவற்றில் இத்தகைய குழுக்கள் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவரக்கூடியவை. பிரசவ வார்டு விஷயத்திலோ, நிகழ்ச்சி நிரலை எழுதுவது நிர்வாகம் என்பதால், முடிவு எடுத்த பிறகு நடக்கும் கூட்டத்தில்தான் அது இடம்பெறும். “சமூகத்துடன் கலந்தாலோசிக்கப்பட்டது” என்ற ஒரு வரி அறிக்கையில் ஏறும்.

இந்தியாவின் நோயாளர் நலச் சங்கங்களையும் இவ்விடத்தில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. 1990களின் நடுவில் இந்தூரின் பெரிய அரசு மருத்துவமனையில் ரோகி கல்யாண் சமிதி என்ற பெயரில் தொடங்கி, 2005இல் வந்த தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் வழியாக நாடெங்கும் பரவிய இவற்றுக்கு, மற்ற ஆலோசனைக் குழுக்களுக்கு இல்லாத ஒன்று உண்டு: செலவிடுவதற்குச் சொந்தப் பணம். ஆனால் தலைமை இருக்கைகளில் அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் பதவி வழியாகவே அமர்கிறார்கள். வார்டில் படுத்து எழுந்தவர் உள்ளே வர வேண்டுமானால் யாராவது அவரை நியமிக்க வேண்டும். பணம் இருந்தும் நோயாளியின் குரல் அரிதாக ஒலிக்கும் இந்த அமைப்பு, குரல் இருந்தும் பணம் இல்லாத ஆஸ்திரேலியக் குழுவின் தலைகீழ் வடிவம்.

மூன்றாவது, சட்டம் வகுத்த கூட்டு முடிவு. பிரேசில் 1990 டிசம்பரில் இயற்றிய 8142ஆம் எண் சட்டம், நாடு, மாநிலம், நகராட்சி ஆகிய மூன்று மட்டங்களிலும் சுகாதார மன்றங்களை ஏற்படுத்தி, அவற்றில் பயனாளிகளின் எண்ணிக்கை மற்ற எல்லாத் தரப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் கூர்மை வேறோரிடத்தில் இருக்கிறது: மன்றம் இல்லாத நகராட்சிக்கு மத்திய நிதி கிடையாது. இவ்வொரு விதியால் 5,500க்கும் மேற்பட்ட நகராட்சிகளில் மன்றங்கள் முளைத்தன. சுகாதாரத் திட்டமும் ஆண்டுக் கணக்கும் அவற்றின் முன் வந்தாக வேண்டும். குறை என்னவென்றால், பல ஊர்களில் நகராட்சியின் சுகாதாரச் செயலரே மன்றத் தலைவராகவும் அமர்ந்துகொண்டார். 200 பக்கக் கணக்கறிக்கையைக் கூட்டத்துக்கு முந்தைய நாள் கையில் பெறும் பயனாளிக்குப் பாதி வாக்கு இருந்தும் என்ன பயன்?

நெதர்லாந்து 1996இல் வேறு பாதையில் போனது. அங்கே மருத்துவமனைகள் பெரும்பாலும் லாப நோக்கற்ற அறக்கட்டளைகள் என்றாலும், எல்லோருக்கும் கட்டாயமான காப்பீட்டின் பணத்தால் இயங்குபவை. ஒவ்வொரு நிறுவனத்திலும் நோயாளர் மன்றம் ஒன்றைச் சட்டம் கட்டாயமாக்கியது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், புகார் விதிகள், உணவு போன்றவற்றில் மன்றத்தின் சம்மதம் இன்றி நிர்வாகம் முடிவெடுக்க முடியாது என்கிறது. இணைப்பு, பணிகளைக் கைவிடுதல் போன்ற பெரிய முடிவுகளில் சம்மதம் தேவையில்லை. ஆனால் மன்றத்தின் கருத்தை முன்கூட்டியே கேட்க வேண்டும், அதை ஏற்காவிட்டால் எழுத்தில் காரணம் தர வேண்டும். பிரசவ வார்டு இந்த இரண்டாவது வகையில் விழும். மன்றத்தால் அதைத் தடுக்க இயலாது; நிர்வாகத்தாலும் பேசாமல் கடந்து போக இயலாது. எழுதப்பட்ட காரணம் என்பது வழக்குமன்றத்திலும் செய்தித்தாளிலும் செல்லுபடியாகும் பொருள் என்பதால், பிரேசிலின் பாதி இருக்கையைவிட இதையே நான் மேலாகக் கருதுகிறேன்.

நான்காவது ஏற்பாடு மருத்துவமனைக்கு வெளியே நிற்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1974இல் தொடங்கிய சமூக சுகாதார மன்றங்களில் பாதி உறுப்பினர்களை உள்ளாட்சிகளும், மூன்றில் ஒரு பங்கினரைத் தன்னார்வ அமைப்புகளும் அனுப்பின. மருத்துவமனை நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு வாக்கு இல்லை. இருந்தவை வேறு: மருத்துவமனைக்குள் நுழைந்து பார்வையிடும் உரிமை, தகவல் பெறும் உரிமை, ஒரு பிரிவை மூடும் திட்டத்தை எதிர்க்கும் உரிமை. எதிர்த்தால், முடிவு உள்ளூர் நிர்வாகத்தின் கையைவிட்டு அமைச்சரிடம் போய்விடும். எதிர்ப்போடு நிற்கவும் முடியாது. விரிவான மாற்றுத் திட்டம் ஒன்றையும் மன்றம் முன்வைக்க வேண்டும் என்பது நடைமுறை. நம் பிரசவ வார்டு விஷயத்தில் உண்மையான வாதம் தொடங்குவது இங்கேதான். மூடக் கூடாது என்பவர்கள் மயக்க மருத்துவர் எங்கிருந்து வருவார் என்று எழுத வேண்டும்; மூட வேண்டும் என்பவர்கள் 30 கிலோமீட்டரை யார், எதில், எத்தனை நிமிடத்தில் கடப்பார் என்று எழுத வேண்டும்.

எல்லா மன்றங்களும் ஒரே தரத்தில் இயங்கவில்லை, சில தூங்கின. 2003இல் இங்கிலாந்து அவற்றைக் கலைத்து, அடுத்த 10 ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றின் இடத்தில் வைத்தது. 2013இல் வெளியான ஸ்டாஃபோர்டு விசாரணை அறிக்கை, முதலில் வந்த இரண்டும் நோயாளிகளின் குரலை வலுப்படுத்துவதற்குப் பதில் பலவீனப்படுத்தின என்று தெளிவாகவே கூறியது. வேல்ஸோ தன் மன்றங்களை 2023 வரை வைத்திருந்தது.

வெளியிலிருந்து கண்காணிப்பதற்கு அதிகாரம் துணை நிற்காவிட்டால் பலன் உறுதியில்லை என்பதற்கு உகாண்டாவின் அனுபவத்தைச் சொல்லலாம். அங்கே 50 கிராமப்புறச் சுகாதார மையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் ஊரார் மதிப்பெண் அட்டை வைத்துச் சேவையைக் கண்காணித்தபோது குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. பின்னர் 376 மையங்களை உள்ளடக்கிய ஓர் ஆய்வில் ஏறத்தாழ அதே முறையைச் செய்து பார்த்தபோது இறப்பில் அத்தகைய குறைவு தென்படவில்லை. அவை மருத்துவமனைகள் அல்ல, சிறு மையங்கள். ஆயினும் கூட்டம் கூட்டிப் பேசினாலே மாறிவிடும் என்ற நம்பிக்கையை அது ஆட்டிவிட்டது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனைக்கு ஓர் ஏற்பாடுதான் என்றால், வெளியே நிற்கும் மன்றத்தை எடுப்பேன். இரண்டுக்கு வழி உண்டென்றால், நெதர்லாந்துச் சட்டத்தின் எழுத்துப்பூர்வ பதிலை அதோடு சேர்ப்பேன். தேர்தலை, பணத்தைத் திரட்டும் அதிகாரமும் அதே வாரியத்துக்கு வரும் நாள் வரை ஒத்திவைப்பேன். மன்றத்தின் செயலருக்குச் சம்பளம் அந்த மருத்துவமனையின் கணக்கிலிருந்து போகக் கூடாது. மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் கையெழுத்தில் சம்பளம் பெறுபவர் அவருடைய வார்டுக்குள் முன்னறிவிப்பின்றி நுழைவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எதிர்க்கும் உரிமைக்கு ஒரு காலவரம்பும் வேண்டும், 90 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஏனெனில் மன்றமும் நிர்வாகமும் எழுதிக்கொண்டிருக்கும் அத்தனை இரவுகளிலும், மயக்க மருத்துவர் இல்லாத அந்தப் பிரசவ வார்டு திறந்தேதான் இருக்கும்.