காந்திபுரத்தில் ஒரு இன்டர்வியூ கிளாஸ்: கட்டிய பணத்தில் எவ்வளவு தேறியது?

சென்டர் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே இந்த மாதிரி இடங்கள் பல இருக்கின்றன. கீழே மொபைல் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாவது மாடியில் "இன்டர்வியூ ஸ்கில்ஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ், பர்சனாலிட்டி டெவலப்மென்ட்" என்று வெயிலில் வெளுத்த ஒரு ஃப்ளெக்ஸ். அதில் ஒன்றுக்குத்தான் போனேன். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று வகுப்பு, 8,500 ரூபாய். என் கணக்குப்படி அதில் மூவாயிரம் உருப்படியான செலவு, மீதி தண்டம். அந்த மூவாயிரம் எது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என் நிலைமை. திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். பனியன் கம்பெனிகள், சின்னச் சின்ன ஜாப் வொர்க் யூனிட்டுகள், மாசா மாசம் அவர்களுடைய ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பேங்க் கணக்கு ஒத்துப் பார்ப்பது, டேலி என்ட்ரி, இவைதான். 2022-இல் பையன் பிறக்கப் போகிற சமயத்தில் விட்டுவிட்டேன். மூன்று வருஷம் கழித்து, கோயம்புத்தூருக்குக் குடிவந்த பிறகு திரும்பத் தேட ஆரம்பித்து மூன்று இன்டர்வியூ போனேன், மூன்றிலும் "சொல்லி அனுப்பறோம்". அதில் ஒன்றில் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டதற்கு அப்பா பெயர், ஊர், தம்பி என்ன படிக்கிறான் என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன், பார்த்த வேலையைப் பற்றி ஒரு வரி வரவில்லை. பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கின பிறகுதான் அது உறைத்தது. வேலை தெரியும், வாய்தான் வரவில்லை. சரி, அதற்குத்தானே கிளாஸ் என்று போய்ச் சேர்ந்தேன்.

சேரும்போதே ஒரு கூத்து. 8,500 என்றுதான் போனில் சொன்னார்கள். நேரில் போனால் "பிளஸ் ஜி.எஸ்.டி. மேடம்" என்று 18 சதவீதம் சேர்த்து 10,030 கேட்டார்கள். சரி, டேக்ஸ் இன்வாய்ஸ் கொடுங்கள் என்றேன். ரிசப்ஷன் பொண்ணு ஒரு சாதா ரசீது புத்தகத்தை எடுத்தாள், அதில் ஜி.எஸ்.டி. நம்பரே இல்லை. சேவைத் தொழிலில் வருஷத்துக்கு 20 லட்சம் வரை வரவு இருந்தால் பதிவே தேவையில்லை, அது தப்பில்லை. ஆனால் பதிவில்லாதவர் வரி என்று சொல்லி ஒரு பைசா வாங்கக் கூடாது. இதைச் சொன்னதும் உள்ளே போய்விட்டு வந்து "ஓகே மேடம், உங்களுக்கு மட்டும் 8,500" என்றாள். எனக்கு மட்டுமாம்! என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் 10,030 கட்டியிருந்தார்கள்.

இனி வகுப்பு. வார நாள் வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோர் கையிலும் 50 கேள்வி பதில் அடித்த ஜெராக்ஸ். அதைப் பார்த்து ஒவ்வொருவராக எழுந்து "குட் மார்னிங் சார், மைசெல்ஃப்..." என்று ஆரம்பிக்க வேண்டும். 22 பேரும் ஹார்டு ஒர்க்கர், 22 பேரும் குயிக் லேர்னர், 22 பேருக்கும் ஒரே பலவீனம்: எதையும் பெர்ஃபெக்டாகச் செய்யாமல் விடமாட்டார்களாம். எதிரே உட்கார்ந்து கேட்கிறவர் இதை எத்தனையாவது தடவையாகக் கேட்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை போல. கைகுலுக்குவது எப்படி என்று ஒரு முழு வகுப்பு. டை கட்டுவது எப்படி என்று அரை வகுப்பு, கோயம்புத்தூர் மே மாசத்தில். பதிலை நாலு பாகமாகச் சொல்கிற ஸ்டார் முறை என்று ஒரு ஸ்லைடு போட்டு நாலு இங்கிலீஷ் வார்த்தையை (சிச்சுவேஷன், டாஸ்க், ஆக்‌ஷன், ரிசல்ட்) எழுதிக்கொள்ளச் சொன்னார்கள், எழுதிக்கொண்டோம், அதோடு அது முடிந்தது.

"பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்" என்று ஃப்ளெக்ஸில் கொட்டை எழுத்தில் இருந்தது ஒரு வாட்ஸ்அப் குரூப். யார் வேண்டுமானாலும் நௌக்ரியில் தேடி எடுக்கக்கூடிய லிங்க்குகளை அதில் ஃபார்வேர்டு செய்வார்கள். காலையில் ஒரு குட்மார்னிங் ரோஜாப்பூ இலவசம்.

இரண்டாவது வாரமே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மாமாதான் (என் வீட்டுக்காரர்) "கட்டின காசு போச்சேன்னு அப்புறம் நீயே பொலம்புவ" என்று அனுப்பி வைத்தார். அந்த சனிக்கிழமைதான் மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை இன்டர்வியூ, எடுப்பவர் வந்தார்.

ஒரு பம்ப் கம்பெனியில் பல வருஷம் ஆள் எடுக்கிற பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, இங்கிலீஷ் வேண்டிய இடத்தில் மட்டும். ஒரு சின்ன ரூமில் மேஜை, இரண்டு நாற்காலி, ஸ்டாண்டில் மாட்டின போன். ஒவ்வொருவரையும் பதினைந்து நிமிஷம் இன்டர்வியூ எடுத்து, அதை அப்படியே படம் பிடித்து, உடனே நம்மிடமே போட்டுக் காட்டுகிறார். அவ்வளவுதான் அவருடைய வித்தை.

என் வீடியோவைப் பார்த்தபோது எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. துப்பட்டா நுனியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டே இருக்கிறேன். யோசிக்கும்போதெல்லாம் ஃபேனைப் பார்க்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் நாலு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே ஒரு கோடு, தேங்காய் எண்ணுகிற மாதிரி. மூன்று கட்டு, மேலே நாலு. நான் "ஆக்சுவலி" என்று சொன்ன கணக்கு: பதினைந்து நிமிஷத்தில் 19.

அதைவிட முக்கியமான ஒன்றைப் பிடித்தார், இதை எந்த இங்கிலீஷ் வீடியோவிலும் நான் கேட்டதில்லை. எனக்கு வாக்கியம் முடிய முடியக் குரல் இறங்கிப்போய்க் கடைசி வார்த்தை வாய்க்குள்ளேயே போய்விடுகிறது. "அம்மணி, நம்ம பாஷையில செஞ்சேனா செய்யலையாங்கிறதே கடைசி வார்த்தையிலதான் இருக்குது. நீ அத முழுங்கிட்டா கேக்கறவனுக்கு என்ன தெரியும்?" என்றார். ரீவைண்ட் செய்து பார்த்தால், "அந்த ரிட்டர்ன் எல்லாம் நானே..." வரைக்கும்தான் கேட்கிறது. நானே போட்டேனா, போட்டதில்லையா? சத்தியமாக எனக்கே புரியவில்லை.

அப்புறம் அந்த ஸ்டார் முறை. நாலு வார்த்தையையும் தூக்கிப்போட்டுவிட்டு இப்படிக் கேட்டார்: என்ன சிக்கல் வந்தது, அதில் உன் தலையில் விழுந்தது எது, நீ என்ன செய்தாய், கடைசியில் என்ன ஆச்சு. நான் வழக்கம்போல "சேலஞ்சிங்கான சிச்சுவேஷன்லாம் நிறைய ஹேண்டில் பண்ணியிருக்கேன் சார்" என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாசம் 14-ஆம் தேதி உங்க ஆபீஸ்ல என்ன நடக்கும்?"

"2பி வருமுங்க சார்."

"வந்தா?"

அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி வந்துவிட்டது. (2பி என்பது, சப்ளையர்கள் காட்டின பில்களை வைத்து நமக்கு எவ்வளவு வரி கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டின வரியில் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம், என்று ஜி.எஸ்.டி. போர்ட்டலில் வருகிற பட்டியல்.) ஒரு பனியன் கம்பெனிக்கு நூல் கொடுத்த மில் 11-ஆம் தேதிக்குள், விற்ற பில்களைக் காட்டுகிற ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னைப் போடாமல் விட்டுவிட்டது. அதனால் 14-ஆம் தேதி வந்த 2பி-யில் இரண்டு பில்லைக் காணோம். 62 ஆயிரம் ரூபாய் வரி கிரெடிட் தொங்குகிறது, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டுகிற ரிட்டர்னான 3பி போட்டாக வேண்டும். மில்லுக்குப் போன் போட்டால் கணக்குப்பிள்ளை லீவு. கம்பெனி ஓனரிடம் நானே பேசி, இந்த மாசம் அந்த கிரெடிட்டை எடுக்க முடியாது, அடுத்த மாசம் 2பி-யில் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம், இப்போதைக்குப் பணமாக 62 ஆயிரம் கூடுதலாக வேண்டும் என்று புரியவைத்தேன். அவர் கத்தினார். கத்தி முடிக்கிறவரைக்கும் பொறுத்திருந்தேன். அடுத்த மாசத்திலிருந்து எட்டாம் தேதியே சப்ளையர் எல்லோருக்கும் பில் லிஸ்ட்டோடு ஒரு மெசேஜ் போட ஆரம்பித்தேன். நான் விடுகிற வரைக்கும் அதற்கப்புறம் இரண்டே தடவைதான் பில் தவறியது.

"இத ஏன் அம்மணி இத்தனை நாளா வயித்துக்குள்ள வச்சிருந்த?" என்றார். வீடியோவைப் பார்த்தேன். துப்பட்டா மடியில் சும்மா கிடக்கிறது. ஒரு ஆக்சுவலிகூட இல்லை.

இந்த ஒரு சனிக்கிழமைக்கே மூவாயிரம் கொடுக்கலாம் என்பேன். அவர் மொத்தம் நாலு சனிக்கிழமை வந்தார்.

குழந்தை விஷயத்தையும் சொல்ல வேண்டும், இதைப் படிக்கிற பெண்களில் பலருக்கு இது நடந்திருக்கும். "பையனை யார் பாத்துக்குவாங்க?" என்று நான் போன மூன்று இடத்திலும் கேட்டார்கள். நான் அத்தைக்கு மூட்டுவலி, அம்மா திருப்பூரிலிருந்து வருவார், பக்கத்தில் பிளே ஸ்கூல் இருக்கிறது என்று வீட்டுக் கதை முழுக்கச் சொல்லி, சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் சந்தேகம் கூடுவதைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். மாமாவும் அதே வருஷம்தான் வேலை மாறினார், அவரிடம் ஒரு ஈ காக்காய் கேட்கவில்லை. 50 பேர் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-லேயே மகப்பேறு சட்டத்தில் திருத்தம் வந்தாகிவிட்டது. அதை எந்த இன்டர்வியூவிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை, பையனை யார் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்கத் தெரிகிறது.

மாக் இன்டர்வியூ எடுத்தவர் இதற்குச் சொல்லிக்கொடுத்தது இது: ஒரே வரியில் பதில், உடனே வேலையைப் பற்றி ஒரு கேள்வி. "ஏற்பாடு செஞ்சாச்சுங்க சார். ரிட்டர்ன் சமயத்துல எத்தனை மணி வரைக்கும் இருக்க வேண்டியிருக்கும்?" கிளாஸில் ஒரு பொண்ணு, அந்தக் கேள்வியே தப்பு, பதில் சொல்லவே கூடாது என்று சண்டை போட்டாள். அவள் சொன்னதுதான் நியாயம். ஆனால் எனக்கு வேலை வேண்டியிருந்தது.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்பதற்கு ஜெராக்ஸில் இருந்த பதில் "அஸ் பெர் கம்பெனி நார்ம்ஸ்". சனிக்கிழமை சார் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். விசாரித்துவிட்டுப் போய் ஒரு தொகையைச் சொல், சொன்ன பிறகு வாயை மூடு, நீயே குறைக்க ஆரம்பிக்காதே என்றார். கடைசிப் பகுதி கஷ்டம். அந்த அமைதியில் ஐந்து விநாடி உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

கோர்ஸ் முடிந்து போன முதல் இன்டர்வியூ ஊத்திக்கொண்டது, அதையும் மறைக்கவில்லை. இரண்டாவது, சிட்கோ பக்கம் ஒரு வால்வு கம்பெனி. அக்கவுன்ட்ஸ் மேனேஜர் இரண்டு கேள்வி இங்கிலீஷில் கேட்டார், அப்புறம் ஓனர் உள்ளே வந்து "காபி சாப்பிட்டீங்களா" என்று ஆரம்பித்தவர் கடைசி வரைக்கும் தமிழிலேயே கேட்டார். ஆறு வாரமும் வார நாள் வகுப்புகளில் இதை ஒருவரும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் ஓனரே நேரில் நடத்துகிற கம்பெனிகளில் முக்கியமான கேள்விகள் தமிழில்தான் வரலாம். மனப்பாடம் செய்த இங்கிலீஷ் பத்தியை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது?

"ஈ-இன்வாய்ஸ் போட்டிருக்கீங்களா?" என்று மேனேஜர் கேட்டார். பில்லை அரசு போர்ட்டலில் ஏற்றிப் பதிவு செய்வதுதான் அது. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தால் கட்டாயம் என்று அது வந்தது 2023 ஆகஸ்டில், நான் வேலையை விட்டதற்கு அடுத்த வருஷம். என் பழைய கிளையன்ட்டுகள் யாருக்கும் அதற்குமுன் அது தேவைப்படவில்லை. பழைய நானாக இருந்தால் "தெரியும் சார்" என்று வாய்க்குள் முழுங்கியிருப்பேன். "நான் கையால போட்டதில்லைங்க சார். போர்ட்டல்ல ஏத்தினா ஐ.ஆர்.என். நம்பர் வரும், தப்பா போட்டா 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் செய்யணும், அது வரைக்கும் தெரியும். ரெண்டு நாள் கூட இருந்து பாத்தா போட்டுருவேன்" என்றேன். கடைசி "போட்டுருவேன்" நல்ல சத்தமாகவே வந்தது. 28 ஆயிரம் கேட்டேன், 26-க்கு வேலை கிடைத்தது.

இப்போது யாருக்கு இது சரிப்படும் என்றால்: கல்லூரியில் படிக்கிறவர்கள் தயவுசெய்து காசு கொடுத்து வராதீர்கள். 2022-இல் தொடங்கின நான் முதல்வன் திட்டத்தில் பயிற்சி இலவசமாகவே இருக்கிறது, அதை முதலில் பாருங்கள். வெறுமனே பழக்கம் வேண்டும் என்றால் மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்துகிற தனியார் வேலை முகாம்களுக்குப் போய், வேண்டாத கம்பெனியிடம்கூட உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம், அதுவும் ஒரு மாக் இன்டர்வியூதான், செலவு பஸ் டிக்கெட். வீட்டில் யாராவது போனில் படம் எடுத்துக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது (மாமாவை எடுக்கச் சொல்லாதீர்கள், சிரித்துக் கெடுத்துவிடுவார்).

என் மாதிரி வேலை தெரிந்து, நடுவில் சில வருஷம் விட்டுப்போய், வாய் திறக்கப் பயமாக இருக்கிறவர்கள், மாக் இன்டர்வியூ மட்டும் தனியாகக் கொடுப்பீர்களா என்று எந்த சென்டரிலும் கேட்டுப் பாருங்கள். நான் போன இடத்தில் கேட்டபோது முதலில் முடியாது என்றார்கள், அப்புறம் என் தோழி ஒருத்திக்கு ஒரு தடவைக்கு 750 வாங்கிக்கொண்டு விட்டார்கள். எடுப்பவர் யார், அவர் உண்மையிலேயே ஆள் எடுத்த அனுபவம் உள்ளவரா, வீடியோவை நம் போனுக்குத் தருவார்களா, இந்த மூன்றையும் பணம் கொடுக்கும் முன்னால் கேளுங்கள். ஜி.எஸ்.டி. கேட்டால் நம்பரைக் கேளுங்கள்.

ஏ.சி. இருக்கிறது, போடமாட்டார்கள். லிஃப்ட் கிடையாது. சனிக்கிழமை போவதானால் கிராஸ்கட் ரோடு பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே இன்டர்வியூவுக்கு லேட்டாகிவிடும்.