ரெசின் நாட்டிலஸ், 1/144: உடலில் பழுதில்லை, விளக்கைத்தான் மாற்ற வேண்டும்

ஜூல்ஸ் வெர்னின் கற்பனையில் பிறந்த நாட்டிலஸ் நீர்மூழ்கியின் ரெசின் மாதிரி ஒன்றை, பெங்களூர் அல்சூரில் என் வீட்டு மாடியறையில் நான்கு மாதங்களாக உட்கார்ந்து செய்து முடித்திருக்கிறேன். 1/144 அளவிலான, அதாவது அசலில் 144இல் ஒரு பங்கான, இந்த உதிரிப்பாகக் கிட்டை ஒரு சிறு குழுவினர் முப்பரிமாண அச்சில் தயாரித்து, விளக்குச் சாமான்களையும் சேர்த்து 6,800 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். குறைகளை எழுதி அனுப்பியபோது அடுத்த பதிப்பில் திருத்துவதாகப் பொறுப்புடன் பதில் சொன்னார்கள். அதனால் அவர்களுடைய பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே அளவில் வரும் வேறு ரெசின் நீர்மூழ்கிகளுக்கும் நான் எழுதப்போவதில் பெரும்பகுதி பொருந்தும்.

நாட்டிலஸ் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது, 1954ஆம் ஆண்டு வெளிவந்த டிஸ்னி திரைப்படத்துக்காக ஹார்ப்பர் காஃப் வடிவமைத்த, முதுகில் முட்களும் முகப்பில் கண்களும் கொண்ட உருவம்தான். இந்தக் கிட் அதைப் பின்பற்றவில்லை. 1870இல் தொடராக வெளிவந்து முடிந்த ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ நாவலில் கப்பலின் தலைவர் கேப்டன் நெமோ தன் வாயால் சொல்லும் அளவுகளையே பின்பற்றுகிறது. இரு முனைகளும் கூம்பிய சுருட்டு வடிவம், நீளம் 70 மீட்டர், நடுவில் அகலம் 8 மீட்டர் என்பது நெமோவின் கணக்கு. 1/144இல் அது 48.6 சென்டிமீட்டர் நீளமும் 5.6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமுமாக வர வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்தேன், ஒரு மில்லிமீட்டருக்குமேல் வித்தியாசமில்லை. அதைவிட என்னை மகிழ்வித்தது உடலின் மேற்பரப்பு. கப்பலின் இரும்புத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று இலேசாக ஏறி, பெரிய ஊர்வனவற்றின் செதில்களைப்போல இருந்ததாக நாவலில் வருகிறது. தயாரித்தவர்கள் இந்த வரியைக் கவனித்துப் படித்திருக்கிறார்கள். பிரைமர் அடித்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் மயிரிழை அளவு நிழல் விழுந்தது. விரல் நுனியால் முன்னிருந்து பின்னாகத் தடவினால் வழுக்குகிறது. பின்னிருந்து முன்னாகத் தடவினால் இலேசாகத் தடுக்கிறது. கோடு கீறித் தகடு என்று காட்டும் கிட்களையே பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய காரியமாகப் பட்டது.

கப்பலை உந்தும் சுழலி (புரொப்பெல்லர்) மட்டும் தவறு. நெமோ சொல்லும் விட்டம் 6 மீட்டர், அதாவது இந்த அளவில் 4.2 சென்டிமீட்டர். கிட்டில் இருப்பது 3.4 தான். பெட்டியில் அடங்க வேண்டும் என்று சிறிதாக்கினார்களோ என்னவோ, பின்புறம் சூம்பிப்போய்த் தெரிகிறது.

உடலை ஒட்டும் வேலையில் சிக்கல் அதிகமில்லை. மூன்று துண்டுகளில் நடுத்துண்டு மட்டும் சற்று வளைந்திருந்தது. கை பொறுக்காத சுடுநீரில் ஒரு நிமிடம் போட்டு, சமதளத்தில் வைத்து அழுத்தியதும் நேரானது. அச்சிடும்போது துண்டைத் தாங்கிப்பிடித்த அச்சுத் தாங்கிகள் விட்டுச்சென்ற பருக்களை உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, முகக்கவசமும் அவசியம்.

இனி விளக்குக்கு வருகிறேன். இந்தக் கிட்டின் உண்மையான தோல்வி இங்கேதான் இருக்கிறது. நாட்டிலசுக்கு உயிர் கொடுப்பதும் ஒளி என்பதால் இதை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. மின்சாரத்தை நம்பி ஒரு கப்பலையே நடத்துபவர் நெமோ. நாவலில் அவருடைய ஒளி ஒரே மாதிரியானதல்ல. மேல்தளத்தின் முன்பக்கம் சுக்கானியின் கூண்டு, பின்பக்கம் கடலைத் துளைக்கும் பெருவிளக்கின் கூண்டு, நடுவே கூடத்தின் இருபுறமும் தகடுகள் விலகினால் தெரியும் நீள்வட்டக் கண்ணாடிகள், கூடத்துக்குள் ஒளிரும் கூரை, ஒரே சிப்பியால் ஆன தொட்டியில் உள்ளிருந்து ஒளிபெற்று விழும் நீரூற்று என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வெளிச்சம். கிட்டுடன் வந்த சாமான்களோ, கூடத்துக்கு இரண்டு மஞ்சள் எல்இடி, பெருவிளக்குக்கு ஒரு வெள்ளை எல்இடி, மூன்றுக்கும் பொதுவாக, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒரே ஒன்று.

வழிகாட்டித் தாளில் உள்ளபடி மூன்றையும் இணைத்தேன். கூடம் எரிந்தது, கடலைத் துளைக்க வேண்டிய பெருவிளக்கு எரியவே இல்லை. எல்இடி பழுது என்று நினைத்து இரண்டு முறை மாற்றிய பிறகே காரணம் புரிந்தது. மஞ்சள் எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டிலேயே எரியத் தொடங்கிவிடும். வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும். இரண்டையும் ஒரே ரெசிஸ்டருக்குப் பின்னால் அருகருகே இணைத்தால், மஞ்சள் அந்த இடத்தின் மின்னழுத்தத்தை 2 வோல்ட்டிலேயே பிடித்து நிறுத்திவிடுகிறது, வெள்ளைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. விளக்கு வேலையை முதன்முதலாகச் செய்கிற ஒருவர் இந்த இடத்தில் மனம் உடைந்து கிட்டையே மூட்டை கட்டிவிடக்கூடும் என்பதுதான் என் வருத்தம்.

ஆகவே ஒரு சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். எலெக்ட்ரானிக்ஸ் உதிரிகளுக்குப் பெங்களூரில் இதைவிட்டால் வேறு இடம் தேட வேண்டியதில்லை. எல்இடி எந்த நிறத்தில் வேண்டும் என்று கேட்ட கடைக்காரர் தர்மபுரிக்காரர்; மாதிரியின் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “எல்லாத்துக்கும் ஒரே கலர் போடாதீங்க சார். உள்ளே ஒண்ணு, வாசல்ல ஒண்ணுன்னு வைங்க, அப்பதான் ஆள் இருக்கிற வீடு மாதிரி இருக்கும்” என்றார். நாவலைப் படிக்காமலேயே அவர் சொன்னது நாவலோடு பொருந்தியது. நெமோவின் பெருவிளக்கு, வெற்றிடத்துக்குள் கிராஃபைட் முனைகளுக்கிடையே எரியும் மின்வில் விளக்கு. எடிசனின் குமிழ் விளக்கு வந்ததே 1879இல்தான். மின்வில்லின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும் நீலங்கலந்த வெண்மை என்பதால் அதற்குக் கூல் ஒயிட், கூடத்துக்கு மஞ்சள் சாயல் கொண்ட வார்ம் ஒயிட் என்று வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து திப்பு சுல்தானின் கோடைக்கால மாளிகை அதிக தூரமில்லை. நெமோவின் பூர்விகம் வெர்ன் பின்னால் எழுதிய நாவலில்தான் வெளிப்படுகிறது: அவர் புந்தேல்கண்டைச் சேர்ந்த தக்கார் என்னும் இளவரசர், திப்புவுக்கு உடன்பிறந்தார் மகன் முறை. 1791இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த மாளிகையின் தேக்குத் தூண்களுக்கு நடுவே, பையில் எல்இடிகளோடு சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் வீடு திரும்பினேன். நாட்டிலசின் தகடுகள் லிவர்பூலிலும், சுழலி கிளாஸ்கோவிலும், முகப்புக் கொம்பு சுவீடனிலும் தனித்தனியாகச் செய்து வரவழைக்கப்பட்டதாக நெமோ சொல்வார். என் கப்பலுக்கும் எல்இடி ஒரு தெருவிலிருந்தும், மெல்லிய செம்புக்கம்பி மோட்டார் வைண்டிங் கடையிலிருந்தும் வந்து சேர்ந்தன.

மின்னிணைப்பை இப்படி மாற்றினேன். 9 வோல்ட் அடாப்டர் ஒன்று. கூடத்துக்கு இரண்டு வார்ம் ஒயிட் எல்இடிகள் தொடராக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, 330 ஓம் ரெசிஸ்டருடன். ஏறத்தாழ 9 மில்லிஆம்பியர் ஓடும். பெருவிளக்குக்குத் தனியாக 470 ஓம். அதில் ஏறத்தாழ 13 மில்லிஆம்பியர். ஒவ்வொரு வரிசைக்கும் தனி ரெசிஸ்டர் என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால் போதும், ஒன்றின் ஒளியை இன்னொன்று திருடாது.

முதன்முதலாக ஏற்றிப் பார்த்தபோது இன்னொரு குறை தெரிந்தது. டார்ச் விளக்கின்மேல் உள்ளங்கையை வைத்தால் விரல்கள் சிவந்து ஒளிர்வதுபோல, கப்பலின் வயிறு முழுவதும் மங்கலாக ஒளிர்ந்தது. ரெசின் சுவர் மெல்லியது, ஒளி கசிகிறது. உட்புறம் முழுவதும் இரண்டு முறை கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளை அடித்த பிறகே சரியானது. கறுப்பு ஒளியைத் தடுக்கிறது, வெள்ளை அதைச் சன்னலை நோக்கித் திருப்பிவிடுகிறது. வழிகாட்டித் தாளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. உடலை ஒட்டிய பிறகு உள்ளே தூரிகை நுழையாது என்பதால், ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். கண்ணாடிகளை ஒட்டச் சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி படிந்து தெளிவான பகுதி வெண்மையாகப் பூத்துவிடும்.

கூடம் நாவலின்படி 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். கிட்டில் அது 7 சென்டிமீட்டர் நீளப் பெட்டியாக, புத்தக அலமாரியும் ஆர்கனும் வைத்து நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. சிப்பித் தொட்டியும் இருக்கிறது, விளக்கு மட்டும் இல்லை. சட்டைப் பித்தான் அளவுள்ள அந்தச் சிப்பியின் நடுவில் அரை மில்லிமீட்டர் துளையிட்டு, ஒளியிழை ஒன்றை நிற்கவைத்து, அடியில் 1.6 மில்லிமீட்டர் நீளமுள்ள, 0603 என்னும் அளவுக் குறியீடு கொண்ட எல்இடி ஒன்றைப் பற்றவைத்தேன். 2.2 கிலோ ஓம் போட்டு ஒளியை அடக்கினேன். இழையின் மேல்நுனியை உப்புத்தாளில் இரண்டு முறை உரசியதும், ஒளி நேராக மேலே போய்விடாமல் நுனியில் சிதறி நின்றது. அறையின் டியூப்லைட்டை அணைத்துவிட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தால், மஞ்சள் வெளிச்சத்துக்கு நடுவே நீர்த்துளி ஒன்று தெறித்து நிற்பதுபோல் தெரிகிறது. அந்த ஒரு புள்ளிக்காக இரண்டு இரவுகள் செலவாயின. மறுபடியும் செலவழிக்கச் சொன்னாலும் செலவழிப்பேன்.

6,800 ரூபாய் இந்த உடலுக்குத் தகும். விளக்குச் சாமான்கள் இல்லாமல் உடலை மட்டும் விலை குறைத்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தந்தால் அதுவே நல்லது, நான் புதிதாக வாங்கிய விளக்குப் பொருள்களுக்கு 400 ரூபாய்கூட ஆகவில்லை. சுழலியைப் பெரிதாக அச்சிட்டுக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. தூசிக்கு அக்ரிலிக் பெட்டி செய்பவர்கள், மின்கம்பி நுழைய அடிப்பலகையில் 6 மில்லிமீட்டர் துளை ஒன்றை முன்கூட்டியே போடச் சொல்லிவிடுங்கள். ஒட்டிய பெட்டியில் பிறகு துளையிட்டால் விரிசல் விடும்.