சர்வீஸ் புத்தகத்தில் சீல் இருக்கிறதே என்று கார் வாங்கிவிடாதீர்கள்

பழைய கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். வருடக்கணக்கில் ஆயில் மாற்றாமல் ஓட்டிய ஒரு காரைத் துடைத்து மெருகேற்றி, ‘ஃபுல் சர்வீஸ் ஹிஸ்டரி’ என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். வாங்கிய கொஞ்ச காலத்திலேயே இன்ஜினைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. விற்றவர் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. எதை எப்படி மறைத்தார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்தவர் தப்பிக்க முடியும். அதனால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

டர்போ பெட்ரோல் கார், ஆட்டோமேட்டிக். ஓடோமீட்டர் 78,000 கி.மீ. காட்டியது. பெயிண்டில் குறை இல்லை, டயர்கள் நன்றாக இருந்தன, ஓட்டிப் பார்த்தபோது ஒரு சத்தமும் இல்லை. சர்வீஸ் பற்றித்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். விற்றவர் சர்வீஸ் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். 10,000 முதல் 70,000 வரை ஒவ்வொரு பக்கத்திலும் சீல். “கம்பெனி சர்வீஸ் தவிர வெளிய யாரும் கை வெச்சதே இல்ல சார், சிங்கிள் ஓனர் வண்டி” என்றார். பில்களைக் கேட்டதற்கு, பழைய உரிமையாளர் ஊர் மாறிப் போய்விட்டார், வாங்கி அனுப்புகிறேன் என்றார். விடாமல் கேட்டதும் வாட்ஸாப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. சர்வீஸ் சென்டர் கணினியில் எடுத்த பட்டியல், அதே மாடல், தேதிகள் வரிசையாக இருந்தன. மேல் பகுதி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. சேசிஸ் நம்பர் வரும் இடம் அதுதான். அது வேறொரு காரின் பட்டியல் என்பது பிற்பாடு தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பக்கமிருந்து சில நொடிகள் கடகடவென்று ஒரு சத்தம் வரும், உடனே அடங்கிவிடும். பார்க்கப் போனபோது இது ஏன் கேட்கவில்லை என்றால், ஒவ்வொரு முறையும் இன்ஜினை முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார்கள். “இப்பதான் கழுவி எடுத்துட்டு வந்தோம்” என்பார்கள். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கியது. அங்கேயே இன்ஜினை அணைத்துவிட்டு, இழுவை வண்டி வைத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

அவர் முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார். ஆயில் அளவு சரி, நிறமும் தெளிவு. பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே காட்டினார். மூடியின் அடியிலும் உள்ளே தெரிந்த கேம்ஷாஃப்டைச் சுற்றிலும் கறுப்பாகக் கெட்டியாக ஒரு படிவு. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்பைக் கழற்றியபோது முழுக் கதையும் தெரிந்துவிட்டது. அடியில் விரல்கனத்துக்குத் தார் போல ஒரு கசடு. ஆயிலை உறிஞ்சும் குழாயின் முனையில் இருக்கும் கம்பி வலையில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வந்தது. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் தளர்ந்து, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் நீளும் மட்டும் நீண்டுவிட்டிருந்தது. “ஆயில் புதுசு சார், அழுக்கு பழசு. விக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை மாத்தியிருக்காங்க” என்றார் அவர்.

பழைய கார் பார்க்கப் போகிற எல்லோரும் டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். விற்கிறவர்களுக்கும் அது தெரியும். சுத்தமான ஆயில், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதை மட்டுமே சொல்லும், அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இன்ஜின் ஆயிலில் அழுக்கைக் கழுவவும், கழுவியதைக் கட்டி சேராமல் மிதக்க வைக்கவும், அமிலத்தை முறிக்கவும் ரசாயனங்கள் சேர்த்திருப்பார்கள். சூடு, எரிந்த பெட்ரோலின் மிச்சம், ஈரப்பதம் எல்லாம் சேர்ந்து அவற்றைத் தின்றுவிடும். அதனால்தான் பல கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொல்கிறார்கள். ரசாயனம் தீர்ந்த ஆயிலை மேலும் மேலும் ஓட்டினால் அது கெட்டியாகிக் கசடாகப் படியும். வலை அடைத்தால் ஆயில் பிரஷர் விழும். பல இன்ஜின்களில் செயின் டென்ஷனர் வேலை செய்வதே ஆயில் பிரஷரில்தான். காலையில் கேட்ட அந்தக் கடகட சத்தம், பிரஷர் ஏறும்வரை தளர்ந்த செயின் அடித்துக்கொண்ட சத்தம். இன்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது, அதைத் தாங்குவதும் மெல்லிய ஆயில் படலம்தான். என் காரில் டர்போவும் ஆட்டம் கண்டிருந்தது.

பிறகு சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பதிவில் 10,000, 20,000, 30,000 மூன்றும் ஒழுங்காக இருந்தன. அதற்குப் பிறகு ஒரு சர்வீஸ்கூட இல்லை. நடுவில் ஒரே ஒரு வரவு, பம்பர் அடிபட்டு பெயிண்ட் அடித்தது. அந்த ஜாப் கார்டில் ஓடோமீட்டர் 52,000 என்று குறித்திருந்தார்கள். இப்போது புத்தகத்தைப் புரட்டினால், 60,000 கி.மீ. சர்வீஸ் முடிந்ததாகச் சீல் வைத்த தேதி அந்த பம்பர் வேலைக்குப் பல மாதம் முந்தையது! கார் 52,000 தொடுவதற்கு முன்பே 60,000 சர்வீஸ் நடந்திருக்கிறதாம். 40,000 முதல் 70,000 வரையிலான நான்கு சீலும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே பேனாவில் எழுதிய தேதிகள். முதல் மூன்று பக்கங்களில் ஜாப் கார்டு எண் எழுதியிருந்தது. அடுத்த நான்கிலும் அந்தக் கட்டம் காலி.

சர்வீஸ் விட்டுப்போனால் இன்ஜின் ஆயில் மட்டும் விட்டுப்போவதில்லை, கூடவே ஒரு வரிசையே விட்டுப்போகும். எனக்கு அதிகம் பயம் தந்தது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அதே தரம் 155 டிகிரியைத்தான் எதிர்பார்க்கிறது. நீளமான இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். இந்தக் காரில் என் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை. கூலன்ட் துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. கியர் ஆயிலையும் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. எக்ஸ்டெண்டட் வாரண்டி இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள், சர்வீஸ் தவறியதால் அதுவும் செல்லாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

விற்றவரிடம் போனால், “ஓட்டிப் பாத்துதானே எடுத்தீங்க? இருக்கற நிலையில் வாங்கிக்கிறேன்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்க” என்கிறார். இருக்கிற நிலையில் வாங்குவது வேறு, அந்த நிலையைப் பற்றிப் பொய் சீல் வைப்பது வேறு. சர்வீஸ் சென்டர் பதிவின் நகல், புத்தகத்தின் படங்கள், வாட்ஸாப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட், மெக்கானிக்கின் எழுத்துப்பூர்வமான அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன். சம்பைக் கழற்றும்போதே படமும் வீடியோவும் எடுத்து வைத்தது பெரிய உதவி. சுத்தம் செய்துவிட்டால் சாட்சி போய்விடும்.

நீங்கள் பார்க்கப் போகும் காருக்கு முதல் வேலை சேசிஸ் நம்பர். அதை ஆர்.சி. புத்தகத்திலிருந்து எழுதிக்கொள்ளாமல், காரிலேயே பார்த்து எழுதி, சர்வீஸ் சென்டரில் நேராகப் பதிவைக் கேளுங்கள். உரிமையாளருக்குத்தான் தருவோம் என்று சொன்னால், விற்பவரைக் கூடவே வரச் சொல்லுங்கள். வர மறுக்கிறவரிடம் கார் வாங்க வேண்டாம். அடுத்தது, இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று முன்பே சொல்லிவிட்டு, போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மூடியை மட்டும் துடைத்து வைத்திருப்பார்கள், அதனால் உள்ளே தெரியும் பாகங்களைப் பார்க்க வேண்டும். காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போனால், எரர் கோடுகளைக் கடைசியாக அழித்த பிறகு கார் எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது என்பதையும் பல கார்களில் படிக்கலாம். நீங்கள் வருவதற்கு முந்தைய நாள்தான் அழித்திருக்கிறார்கள் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

வெளியே சர்வீஸ் செய்த கார் என்றாலே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. பெயிண்ட் மங்கின காராக இருந்தாலும், ஆயிலின் கிரேடும் ஃபில்டரும் கி.மீ.யும் குறித்த பில்களை ஒரு கட்டாக வைத்திருப்பவரிடம் நான் தைரியமாக வாங்குவேன். ஒரு சர்வீஸ் இரண்டு மாதம் தள்ளிப் போனதும் பெரிய விஷயமில்லை. பல பத்தாயிரம் கி.மீ. வெற்றிடமாக இருந்தால்தான் ஒதுங்க வேண்டும். ‘ரொம்ப கம்மியா ஓடின வண்டி’ என்று சொல்வார்கள், அங்கேயும் வருடக் கணக்கைப் பாருங்கள். ஓடாமல் நின்றாலும் ஆயிலும் ரப்பரும் வயதாகத்தான் செய்யும். கிட்டக்கிட்டவே ஓடி, இன்ஜின் முழுதாகச் சூடாகாமல் அணைந்த கார்களில் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் அதிகம் சேரும்.

விற்பனை ரசீதில் ‘எல்லா சர்வீஸும் குறித்த காலத்தில் நடந்தது, காட்டிய பதிவு இந்தச் சேசிஸ் நம்பருக்கு உரியது’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். உண்மை பேசுகிறவருக்கு அதில் தயக்கம் வர வேண்டிய காரணமே இல்லை.

ஏற்கெனவே இப்படி ஒரு காரை வாங்கிவிட்டவர்கள், கசடைக் கரைக்கிறேன் என்று ஃப்ளஷ் திரவத்தை ஊற்றி ஓடவிடாதீர்கள். பெயர்ந்து வரும் கட்டிகள் நேராக அந்த வலையில் போய் அடைக்கும். முதலில் சம்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அடுத்த முறை பாதி இடைவெளியிலேயே மறுபடி மாற்றுங்கள். பிரேக் ஆயில், கூலன்ட், கியர் ஆயில் மூன்றையும் தள்ளிப்போட வேண்டாம். செயின் இல்லாமல் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லாதவரை மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். பல இன்ஜின்களில் அந்த பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எல்லாம் போய்விடும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், பக்கத்தில்தானே ஷெட் என்று ஓட்டிப் போகாதீர்கள். நின்ற இடத்திலேயே அணைத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.