தடையா, மேய்ச்சல் காப்பு நிலமா? நைஜீரியாவின் இரண்டு வழிகள்

மாடு புகுந்த வள்ளிக்கிழங்குக் காட்டில் மண்மேடெல்லாம் மிதிபட்டு, கொடி அறுந்து கிடக்கும். ஒரு வருஷப் பாடு போச்சு. இதைத் தடுக்க நைஜீரியாவின் பெனுவே மாநிலம் 2017இல் திறந்தவெளி மேய்ச்சலையே தடைசெய்தது: மாட்டைப் பண்ணைக்குள் வைத்து வளர். விவசாயிக்கு இது உடனடி ஆறுதல். ஆனால் பட்டா இல்லாத ஃபுலானி இன மேய்ப்பர் பண்ணைக்கு எங்கே போவார்? பலர் மந்தையோடு பக்கத்து நசராவா மாநிலத்துக்கு நகர்ந்தார்கள். மோதலும் ஓயவில்லை: 2018 புத்தாண்டையொட்டி பெனுவேயின் குமா, லோகோ பகுதிகளில் மேய்ப்பர்கள் நடத்தியதாகச் சொல்லப்படும் தாக்குதல்களில் 73 பேர் இறந்தார்கள். உயிருக்குப் பயந்து தஞ்ச முகாமுக்கு ஓடிய விவசாயிகளின் நிலம் தரிசாகக் கிடந்தது. நாட்டின் உணவுக்கூடை என்று பேர்பெற்ற மாநிலம் இது!

இன்னொரு வழி பழையது. வட நைஜீரியா 1965இலேயே மேய்ச்சல் காப்பு நிலங்களுக்கு, அதாவது மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கிய நிலங்களுக்கு, சட்டம் போட்டது. தண்ணீர், புல், மாட்டுப்பாதை எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும் என்பது கணக்கு. நல்ல யோசனைதான். ஆனால் அளந்து, கல் நட்டு, காவல் காப்பதில் கோட்டைவிட்டார்கள். பல இடங்களில் இன்று அங்கேயே விதைப்பு நடக்கிறது.

என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் தேவலை. தடைக்குக் காகிதம் போதும், சரி. மாட்டுக்குப் புல் வேண்டுமே.