முவெட் தேர்வுக்கு இணையப் பாடமா, டியூஷனா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் தங்கை மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான படிவம் 6 படிக்கிறாள். முவெட்டுக்கு, அதாவது மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்கு, எப்படித் தயாராவது என்று கேட்டாள். நான் யோசித்துச் சொன்னது இது.

கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என அதில் 4 பகுதிகள். 2021 முதல் நான்குக்கும் சம மதிப்பு. அதனால் எந்தப் பகுதியையும் விட்டுவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

வாசித்தலுக்கும் கேட்டலுக்கும் இணையப் பாடம் போதும். செம்பனைக் காட்டுக்குள் இணைய லைன் விட்டுவிட்டுத்தான் வரும்; பட்டணத்துக்குப் போகும்போது பாடங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்துச் செய்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பேசுதல் அப்படியில்லை. முதலில் தனியாகப் பேச வேண்டும், அப்புறம் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய் என்று வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வாய் திறக்க எங்கே இடம்? காணொளியை எத்தனை முறை பார்த்தாலும் அது திரும்பக் கேள்வி கேட்காது. வகுப்பில் எதிரே இருப்பவர் மறுத்துப் பேசும்போதுதான் பதில் சொல்லும் பழக்கம் வரும். கட்டுரையும் அப்படித்தான், யாராவது சிவப்பு மையால் திருத்தித் தர வேண்டும்.

டியூஷனுக்குக் கட்டணம் உண்டு. அதைவிடப் பெரிய கவலை, இரவு வகுப்பு முடிந்து தோட்டத்துக்குத் திரும்புவது. யாராவது மோட்டாரில் போய் ஏற்றி வர வேண்டும். அதனால் வாரம் ஒரு நாள், சனிக்கிழமை காலை வகுப்புக்கு மட்டும் அனுப்பச் சொன்னேன். மற்ற நாள்களில் வீட்டில் கைப்பேசியிலேயே படிக்கட்டும்.