பல வருஷம் கழித்து ஒரு குரோஷே பேட்டர்ன்

'எளிது' என்று போட்டிருந்ததை நம்பி குரோஷேயில் (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் வேலை) ஒரு சால்வை பேட்டர்ன், அதாவது செய்முறைக் குறிப்பு, வாங்கினேன், ஊசியைத் தொட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் எத்தனை தையல் இருக்க வேண்டும் என்று கொடுத்திருப்பது பெரிய உதவி. ஆனால் தையல்களின் பெயர்கள் அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று எங்குமே சொல்லவில்லை. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்கிற தையலுக்குத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்று பெயர், அந்த முறையில் சிங்கிள் என்ற பெயரே கிடையாது; இதெல்லாம் மறந்துபோய் தவறான தையலில் ஆறு வரிசை போட்டு, சால்வை விறைப்பாக வரவும் மொத்தத்தையும் பிரித்தேன். (பிரிக்க மட்டும் மறக்கவில்லை!) அப்புறம், 4 மி.மீ. ஊசி என்று சொல்பவர்கள் 10 செ.மீ.க்கு எத்தனை தையல் வர வேண்டும் என்று சொல்லவில்லை. அளவு கொஞ்சம் மாறினாலும் சால்வைக்குப் பரவாயில்லை, ஸ்வெட்டராக இருந்தால் தொலைந்தேன். படங்கள் சுமார். ஐந்துக்கு மூன்று.